கதவில் ஒட்டிய காந்தம்

சென்ற மாதம் எக்ஸ்ரே பற்றி இரண்டு வரி எழுதினேன். அவ்வளவுதான், இந்த மாதம் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் கதிரைப் பற்றியே கேள்விகள். அரசு மருத்துவமனைக் கதிர்சிகிச்சைப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்துவிட்டு பாடாங் செராய்க்குத் திரும்பி வந்தவள் நான். எனக்குத் தெரியாது என்று தட்டிக்கழிக்க முடியாது. நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கே பாதி இடம் போய்விடும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

அக்கா, என் மகன் ஆறு மாதமாக ஒரு கேபிள் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அங்கே எலெக்ட்ரான் பாய்ச்சும் மெஷின் இருக்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரர், "அது அணு மெஷின், புக்கிட் மேரா மாதிரி ஆகிவிடும், பையனுக்கு நாளைக்குப் பிள்ளை பிறக்காது" என்கிறார். வேலையை விடச் சொல்லலாமா? மகன் சிரிக்கிறான். "முன்னே கதவைத் திறந்தாலே மெஷின் நின்றுபோகும், இப்போது சுவிட்சில் ஒரு காந்தம் ஒட்டிவிட்டோம், அந்தத் தொல்லையும் இல்லை" என்கிறான்.
— பெயர் வேண்டாம், பாடாங் செராய்

தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கு நீங்கள் தூக்கம் கெட வேண்டாம். கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு காந்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

முதலில் மெஷினைச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் முடுக்கி. மின்சாரத்தால் எலெக்ட்ரானைப் பிடித்து வேகமாகத் தள்ளுகிற கருவி, வேறு மந்திரம் இல்லை. பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பழைய டிவிப் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? அதற்குள் இருந்த படக்குழாயும் இதே வேலையைத்தான் செய்தது, சுமார் 25,000 வோல்ட்டில். தொழிற்சாலையில் அது சில லட்சம் வோல்ட்டிலிருந்து சில மில்லியன் வோல்ட் வரை போகும். கேபிளின் பிளாஸ்டிக் உறைமேல் அதைப் பாய்ச்சினால் உள்ளே இருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்புறம் அது சூட்டுக்கு எளிதில் இளகாது. ரப்பரைக் கந்தகம் போட்டுச் சூடேற்றி உறுதியாக்குவதும் இந்தப் பின்னல்தான். இங்கே கந்தகமும் இல்லை, அடுப்பும் இல்லை. பாங்கியில் இருக்கும் அணுசக்தி ஆய்வு நிலையத்தில் 3 மில்லியன் வோல்ட் எலெக்ட்ரான் மெஷின் ஒன்று பல வருஷமாக ஓடுகிறது. நம் அம்மாமார் மங்கில் பிடித்த பால்மரப் பாலையே காமா கதிர் கொண்டு பதப்படுத்தியவர்கள் அங்கே உள்ளவர்கள்.

புக்கிட் மேரா வேறு கதை. ஈப்போ பக்கத்து அந்த ஆலையில் மோனசைட் என்ற கனிம மணலிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரித்தார்கள். மிஞ்சிய கழிவில் தானாகவே கதிர் வீசும் தோரியம் இருந்தது. தோரியத்தை யாராலும் அணைக்க முடியாது. ஊர் மக்கள் வழக்குப் போட்டுப் போராடி, 1994ல் ஆலை மூடப்பட்ட பிறகும் அந்தக் கழிவைப் புதைத்து வைத்துக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. முடுக்கி அப்படி அல்ல. மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் அந்த நொடியே நின்றது. அந்த அளவு சக்தியில் கேபிளும் கதிர்ப்பொருளாக மாறாது. மகன் சட்டையில் கதிரை ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரமாட்டான். சுவருக்கு வெளியே நின்று ஒழுங்காக வேலை செய்கிறவனுக்குப் பிள்ளை பிறக்காமல் போக இதில் ஒன்றும் இல்லை.

ஆனால் ஓடும்போது அது வேறு ஜென்மம். மருத்துவமனையில் நாங்கள் ஒரு நோயாளிக்கு ஏழு வாரம் பிரித்துப் பிரித்துக் கொடுக்கும் மொத்தக் கதிரையும் அந்த மெஷினின் நேர்க்கதிர் ஒரு நொடிக்குள் கொட்டிவிடும். சுடாது, வலிக்காது, கண்ணுக்குத் தெரியாது. ஓசோனின் காரமான வாசனை மட்டும் அடிக்கலாம். அதனால்தான் அதைக் கனமான சுவருக்குள் அடைத்து, கதவில் இன்டர்லாக் வைக்கிறார்கள். கதவு திறந்தால் மெஷின் தானாகச் செத்துப்போக வேண்டும், யார் மறந்தாலும், யார் அவசரப்பட்டாலும். கதவு மூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தச் சுவிட்ச். காந்தம் ஒட்டினால், கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் "மூடித்தான் இருக்கிறது" என்று மெஷின் நம்பும்.

எங்கள் அப்பா தோட்டத்து ஆலையில் ரப்பர் சீட் அழுத்தும் உருளையில் நின்றவர். உருளைக்கு முன்னால் ஒரு கம்பி இருக்கும். உடம்பு அதைத் தள்ளினால் உருளை நின்றுவிடும். குனியும்போதெல்லாம் பட்டுப் பட்டு நிற்கும். பால் உறைந்து தொட்டியில் காத்திருக்கும், கிராணி கத்துவார். யாரோ ஒருத்தர் கம்பியைக் கயிற்றால் பின்னால் இழுத்துக் கட்டினார். எட்டு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு நாள் காலை பசியாறும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே, பக்கத்து லயத்துச் சித்தப்பாவின் வலது கை உள்ளே போனது. விசாரணைக்கு ஆள் வந்தபோது கம்பி சரியாகத்தான் இருந்தது. கயிற்றைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. ரொம்ப வருஷம் கழித்து அந்தக் கயிற்றை எங்கள் வீட்டு மரப்பெட்டிக்குள், அப்பாவின் வேட்டிகளுக்கு அடியில் பார்த்தேன். கட்டியவர் யார் என்று நான் அவரிடம் கேட்டதில்லை.

மகன் செய்வது புதிய தவறும் இல்லை. பிரான்சில் ஃபோர்பாக் என்ற ஊரில் 1991ல் இதே மாதிரி ஓர் எலெக்ட்ரான் மெஷின். கதிரை நிறுத்தினார்கள், ஆனால் திரும்பக் கிளப்ப நேரம் ஆகும் என்று உயர் மின்னழுத்தத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். கதிர் "நிறுத்தம்" என்றாலும் மின்னழுத்தம் இருந்தால் கொஞ்சம் எலெக்ட்ரான் கசிந்துகொண்டுதான் இருக்கும். மூன்று தொழிலாளர்கள், பொருள் உருண்டு வரும் திறப்பு வழியாக உள்ளே நுழைந்தார்கள். கதவைத் தொடவே இல்லை, அதனால் கதவுப் பூட்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூவருக்கும் மோசமான கதிர்ப்புண். உங்கள் மகனிடம் கேளுங்கள்: கேபிள் உள்ளே போகும் துவாரம் எவ்வளவு பெரியது, அதில் ஆள் கை போகுமா, சிக்கிய கேபிளை எப்படி எடுக்கிறார்கள் என்று.

நமக்கு இன்னும் பக்கத்தில், ஹனோயில், 1992 நவம்பரில் ஓர் ஆராய்ச்சியாளர் மாதிரிப் பொருளைச் சரிசெய்ய முடுக்கி அறைக்குள் போனார். அவர் உள்ளே இருப்பது மெஷினை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாது. முடுக்கினார்கள். ஒரு கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. படிக்காதவர் இல்லை, அந்த மெஷினை நன்றாகத் தெரிந்தவர். கதவைத் திறந்ததும் மெஷினை நிறுத்தும் ஏற்பாடு அங்கே இல்லை.

இனி என்ன செய்வது? நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது: 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம், 304ஆம் சட்டம் என்பார்கள். உரிமம் இல்லாமல் இந்த மெஷினை யாரும் வைத்திருக்க முடியாது. நம் மருத்துவமனை மெஷின்களுக்கு உரிமம் தருவது சுகாதார அமைச்சு. தொழிற்சாலைக்கும் ஆராய்ச்சிக் கூடத்துக்கும் முன்பு எல்.பி.டி.ஏ. என்று சொன்ன வாரியம், இப்போதைய அணுசக்தித் துறை. ஒவ்வோர் இடத்திலும் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். மலாயில் பெகாவாய் பெர்லிண்டுங்கான் சினாரான். அவர் யார் என்று மகனுக்குத் தெரியுமா? நெஞ்சில் குத்திக்கொள்ளும் கதிர் பேட்ஜ் கொடுத்திருக்கிறார்களா, அதன் கணக்கைக் காட்டுகிறார்களா? உடம்பில் படும் கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். கதிர்த் தொழிலாளிக்கு வரம்பு சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு 1. ஒழுங்கான இடத்தில் பேட்ஜ் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். என் 31 வருஷப் பேட்ஜ் கணக்கைக் கூட்டினால்கூட ஒரு வருஷ வரம்பைத் தொடாது. ஆனால் ஒன்று, பேட்ஜ் கதிரைத் தடுக்காது. பட்ட பிறகு கணக்குச் சொல்லும், அவ்வளவுதான்.

காந்த விஷயத்தை மகன் அந்த அதிகாரியிடம் எழுத்தில் சொல்லட்டும். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான், தேதியோடு நிற்கும். காந்தத்தைத் தானே பிய்த்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம். மறுநாள் வேறொன்று ஒட்டும். அதிகாரி கண்டுகொள்ளவில்லை என்றால் துறைக்கே எழுதலாம். 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ள வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் ஒன்றும் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளி அதை நீக்காதபோது, தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவனைத் தண்டிக்கக் கூடாது.

வேலையை விட வேண்டாம். காந்தம் இருக்கும்வரை கதவுக்கு உள்ளே போக வேண்டாம்.

*

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர் கொடுக்கும்போது அவரைத் தனியாகப் படுக்கவைத்துவிட்டு ஊழியர்கள் எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அவ்வளவு ஆபத்தான இடத்தில் அவரை மட்டும் விட்டுவிட்டு வருவது மனசைப் பிசைகிறது. மெஷின் தவறு செய்தால் என்ன ஆகும்?
— வாசகி, பகாவ்

அம்மா, நானும் அப்படிக் கதவைச் சாத்தியவள்தான். அவருக்குத் தரும் கதிருக்கு ஒரு காரணம் இருக்கிறது, கட்டியைக் கொல்ல. எங்களுக்கு அந்தக் காரணம் இல்லை. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர், வாரம் ஐந்து நாள், வருஷக்கணக்கில். எல்லாருக்கும் உள்ளேயே நின்றால் நாங்கள் எங்கே போவோம்? உங்கள் வீட்டுக்காரரை நாங்கள் தனியாக விடுவதில்லை. கேமராவில் அவர் மூச்சு ஏறி இறங்குவதுகூடத் தெரியும், பேசினால் கேட்கும். கையைத் தூக்கினால் போதும், நிறுத்திவிடுவோம்.

அந்த அறைக்கு நுழைவழி நேராக இல்லாமல் ஏன் வளைந்து போகிறது என்று யோசித்தீர்களா? கதிர் நேர்க்கோட்டில் ஓடும். வளைவில் சுவரில் பட்டுப் பட்டு இளைத்துவிடும். கதிர் நேராகப் படும் சுவர் ஏறத்தாழ இரண்டு மீட்டர் கான்கிரீட். வெளியே வரும்முன் ஊழியர் ஒரு பொத்தானை அமுக்குவார். அதை வேண்டுமென்றே அறையின் உள்மூலையில் வைத்திருப்பார்கள், அதுவரை நடந்து போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும் என்று. அமுக்கிய பிறகு குறிப்பிட்ட நொடிகளுக்குள் கதவு மூட வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் கிளம்பாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி. தாத்தா உள்ளே குளிரில் நடுங்குவார் என்று கைலியை எடுத்துக்கொண்டு, நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். கதிர் ஓடிக்கொண்டிருந்தது. டக்கென்று நின்றது. பாட்டி கைலியைப் போர்த்திவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி வெளியே வந்து, "ஏம்மா இவ்வளவு குளிரா வச்சிருக்கீங்க?" என்று என்னைத்தான் திட்டினார். கதவைக் கவனிக்காததற்கு மேலதிகாரியிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்டர்லாக் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு அந்தக் கைலிதான் ஞாபகம் வரும்.

மெஷின் தவறு செய்யுமா என்றால், செய்திருக்கிறது. 1985க்கும் 1987க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற சிகிச்சை முடுக்கி ஆறு பேருக்கு அளவுக்கு மீறிக் கதிர் கொடுத்தது, சிலருக்கு வேண்டியதைப் போல் நூறு மடங்கு வரை. முந்தைய மாடலில் தனியாக இருந்த பாதுகாப்புச் சுவிட்சுகளைப் புதிய மாடலில் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் கணினி நிரல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தார்கள். டெக்சசில் ஊழியர் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டி, சட்டென்று திருத்தினார். அந்த வேகத்தை நிரல் சரியாகப் பிடிக்கவில்லை. திரையில் "கோளாறு 54" என்று வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. இப்படி எண் வருவது வழக்கம் என்பதால், தொடரலாம் என்று பொத்தானைத் தட்டினார். உள்ளே நோயாளி வலியில் எழுந்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து அந்த அறையின் ஒலிக்கருவி கெட்டிருந்தது, படம் காட்டும் இணைப்பும் போடப்படவில்லை.

1990 டிசம்பரில் ஸ்பெயினின் சரகோசா நகரில் மெஷினைப் பழுது பார்த்தபின், எந்தச் சக்தியைக் கேட்டாலும் அது ஒரே உச்சத்தில்தான் ஓடியது. மீட்டர் முள்ளும் அந்த ஒரே எண்ணைத்தான் காட்டியது. "முள் மாட்டிக்கொண்டது" என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். 27 நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். முள் சரியாகத்தான் இருந்தது.

இந்த இரண்டையும் பயமுறுத்த எழுதவில்லை. உங்கள் மருத்துவமனையில் காலையில் முதல் நோயாளிக்கு முன்னால் ஒரு மணி நேரம் மெஷினை ஏன் சும்மா ஓட்டுகிறார்கள் என்பதற்குக் காரணம் இவைதான். அளவு சரியா, கதவைத் திறந்தால் நிற்கிறதா, கேமரா தெரிகிறதா என்று பார்க்காமல் யாரையும் படுக்கவைக்கக் கூடாது. பழுது பார்த்தால் மருத்துவ இயற்பியலாளர் அளந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் சிகிச்சை. "இன்று மெஷின் தாமதம்" என்று சொல்லி உங்களைப் பெஞ்சில் உட்காரவைத்தால் கோபப்படாதீர்கள். ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

*

சிகிச்சை முடிந்து வந்த தாத்தா மடியில் பேரப்பிள்ளை உட்காரலாமா?
— வாசகர், கூலிம்

முடுக்கியில் வெளியிலிருந்து கதிர் கொடுத்திருந்தால் தாராளமாக உட்காரலாம், கட்டிப்பிடிக்கலாம். அயோடின் போன்ற கதிர்மருந்தை விழுங்கக் கொடுத்திருந்தால் கணக்கு வேறு. மருத்துவமனை சொன்ன நாள்வரை தள்ளியிருங்கள்.

*

செர்ன் முடுக்கி இரண்டு நாட்டு எல்லையில் இருக்கிறதே, அங்கே எந்த நாட்டுச் சட்டம்? அங்கே விபத்து நடந்தால் ஊரே போய்விடுமா? நான் ஐந்தாம் படிவம். இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?
— மாணவன், சுங்கை சிப்புட்

தம்பி, நல்ல கேள்வி. செர்ன் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பன்னாட்டு அணுத்துகள் ஆராய்ச்சி அமைப்பு. 27 கிலோமீட்டர் வளையம், பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் அடியில். 2010ல் இரண்டு நாட்டுக் கண்காணிப்பு அதிகாரிகளும் செர்னும் மூன்று பேராகச் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கதிர்ப் பாதுகாப்பை இரண்டு நாடுகளும் சேர்ந்தே பார்க்கின்றன. அங்கே சுரங்கத்துக்குள் போகும் ஒவ்வொருவரும் வாசலில் ஒரு சாவியைக் கையோடு எடுத்துப்போக வேண்டும். ஒரு சாவி திரும்ப வராவிட்டாலும் கதிரை விட முடியாது. நம் தோட்டத்துப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பார்களே, அது மாதிரி. ஆனால் இங்கே கணக்கெடுப்பது கிராணி இல்லை, பூட்டு.

2008 செப்டம்பரில் அங்கே ஒரு மின் இணைப்பு கோளாறாகி, வளையத்தின் காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் ஏறக்குறைய 6 டன் சுரங்கத்துக்குள் பீறிட்டது. காந்தங்கள் இடம் பெயர்ந்தன. ஒருவருக்கும் காயமில்லை, காரணம் உள்ளே ஒருவரும் இல்லை. திரும்ப ஓட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஊர் போகவில்லை.

நீ படிக்க வேண்டியது ஜப்பானில் நடந்தது. டோக்காயில் ஜே-பார்க் என்ற முடுக்கி நிலையம். 2013 மே 23 அன்று இரண்டு நொடியில் மெதுவாக வர வேண்டிய புரோட்டான்கள் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் மொத்தமாக வந்து மோதின. எதிரே இருந்த தங்கக் கட்டியின் ஒரு பகுதி ஆவியாகிவிட்டது. இந்த மாதிரிப் பெரிய மெஷினில், கேபிள் தொழிற்சாலை போல் இல்லாமல், மோதிய பொருளே கதிர்ப்பொருளாகும். அது கூடத்துக்குள் கசிந்தது. உள்ளே அளவு ஏறுகிறதே என்று விசிறியைப் போட்டு வெளியே தள்ளினார்கள். 34 பேருக்குக் கதிர் பட்டது, அதிகபட்சம் 1.7 மில்லிசீவர்ட். வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் அதைவிட அதிகம் படும். ஆனால் அதிகாரிகளுக்கு மறுநாள் இரவுதான் சொன்னார்கள். அந்தக் கூடம் 2015 வரை திறக்கவில்லை.

படிப்பு? இயற்பியல், கணிதம், கொஞ்சம் மின்னியல். கதிர்ப் பாதுகாப்பு அதிகாரியாக வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பரீட்சையும் சான்றிதழும் உண்டு. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்கு உங்கள் வீட்டு மின்பெட்டியைத் திற. மின்கசிவு வந்தால் தானாக விழும் பெரிய சுவிட்ச் ஒன்று இருக்கும், அதில் சின்னதாக ஒரு டெஸ்ட் பொத்தான். வீட்டில் யாரும் கணினியில் வேலை செய்யாத நேரமாகப் பார்த்து அதை அமுக்கு. விழுகிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாக யார், எந்த வருஷம் அமுக்கினார்கள் என்று அப்பாவிடம் கேள்.